சமத்தாகத் தூங்கும் பிள்ளை: பிறந்த 28 நாட்களில் எதற்குப் பொறுக்கலாம், எதற்குப் புறப்பட வேண்டும்

பிறந்த குழந்தை ஓயாமல் அழுதால் பக்கத்து வீடுகள்வரை கூடிவிடும். ஒருவர் வசம்பைச் சுட்டு எடுத்து வருவார், ஒருவர் உரம் விழுந்திருக்கிறது என்பார், ஒருவர் திருஷ்டி கழிப்பார். அதே குழந்தை அழாமல், பாலுக்கும் எழாமல், ஐந்தாறு மணி நேரம் சுருண்டு கிடந்தால் ‘சமத்துப் பிள்ளை’ என்ற பாராட்டு கிடைக்கும். பச்சிளம் குழந்தை மருத்துவம் இத்தனை ஆண்டுகளில் கற்றுத் தந்த பாடத்தைச் சுருக்கிச் சொன்னால், இந்தப் பயமும் இந்தப் பாராட்டும் இடம் மாற வேண்டும். நன்றாகப் பால் குடித்து, நன்றாகச் சிறுநீர் கழித்து, உரத்து அழுகிற குழந்தை பெரும்பாலும் நலமாகவே இருக்கிறது. பாலை மறந்து அமைதியாகக் கிடக்கிற குழந்தை ஆபத்தில் இருக்கலாம்.

இந்தக் கட்டுரை விருத்தாசலத்தை மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. கடலூர் மாவட்டத்தின் உட்பகுதியில், மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த ஊர். பீங்கான் தொழிலால் பெயர் பெற்றது. மங்கலம்பேட்டை, கருவேப்பிலங்குறிச்சி, பெண்ணாடம், வேப்பூர் எனச் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களுக்கும் ஆத்திர அவசரத்துக்கு நினைவில் வருவது விருத்தாசலம்தான். அரசு மருத்துவமனை ஊரிலேயே இருக்கிறது. ஆனால் குழந்தையின் நிலை மோசமானால் கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ, சிதம்பரத்தில் உள்ள கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ கொண்டு போக வேண்டி வரலாம். அந்தப் பயணத்துக்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். சிகிச்சை எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது, கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. இப்படிப்பட்ட ஊர்களில் ‘எப்போது புறப்படுவது’ என்ற கேள்விக்கான விடையே பல உயிர்களை முடிவு செய்கிறது.

எண்கள் காட்டும் இடம்

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 23 லட்சம் குழந்தைகள் பிறந்து 28 நாட்களுக்குள் இறந்தன. அவற்றில் முக்கால் பங்கு இறப்புகள் முதல் வாரத்திலேயே நிகழ்கின்றன. குறைப்பிரசவம், பிறக்கும்போது மூச்சுத் திணறல், தொற்று, பிறவிக் குறைபாடு ஆகிய நான்கும் முதன்மைக் காரணங்கள்.

இந்தியாவின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு 2020இல், ஆயிரம் பிறப்புக்கு 20 குழந்தைகள் முதல் 28 நாட்களுக்குள் இறப்பதாகக் காட்டியது. தமிழ்நாட்டில் அந்த எண் 9. இது பெருமைப்படத்தக்க வேறுபாடு. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 விழுக்காடு மருத்துவமனைகளில் நடக்கின்றன. அதாவது பிறப்பு என்னும் முதல் கண்டத்தைத் தாண்ட நம் குழந்தைகளுக்கு மருத்துவத் துணை கிடைத்துவிட்டது.

ஆனால் சுகப்பிரசவமான தாய் இரண்டு மூன்று நாட்களில் வீடு திரும்பிவிடுகிறாள். மஞ்சள் ஏறுவது, தாய்ப்பால் போதுமா போதாதா என்பது தெளிவாவது, தொற்று தலைகாட்டுவது எல்லாம் அந்த நாட்களை ஒட்டியே வருகின்றன. மருத்துவமனையின் கண் விலகி வீட்டின் கண் பொறுப்பேற்கும் நேரம் அது. மீதமிருக்கும் இறப்புகளைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கு இனி வீட்டுத் திண்ணையிலும் உள்ளறையிலும்தான் நடக்க வேண்டும்.

பயப்பட வேண்டாதவை

முதலில் பயத்தை ஒதுக்கிவிடலாம். பிறந்த ஓரிரு நாளில் உடம்பெங்கும் சிவந்த தடிப்பும் நடுவில் சிறு வெண்புள்ளியும் தோன்றுவது நிறைமாதக் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வரும், தானே மறையும். மூக்கின் மேல் பொடிப்பொடியாக வெண்புள்ளிகள், தோல் உரிதல், முதுகுக்குக் கீழே நீலம் பாய்ந்த மச்சம் ஆகியவையும் அப்படியே. நீல மச்சம் அடிபட்ட காயமும் இல்லை, தோஷமும் இல்லை.

ஆண், பெண் இரு பாலருக்கும் மார்பு சற்று வீங்கி ஒரு துளி பால்கூட வரலாம். பெண் குழந்தைக்கு முதல் வாரத்தில் சிறிது உதிரப்போக்கு தெரியலாம். இரண்டுக்கும் தாயின் ஹார்மோன்களே காரணம். மார்பைப் பிதுக்கி ‘பாலை எடுத்துவிடும்’ வழக்கம்தான் தீங்கானது; பிதுக்கிய இடத்தில் சீழ்க்கட்டி வந்து அறுவைவரை போயிருக்கிறது. தும்மல், விக்கல், குடித்த பாலில் கொஞ்சம் கக்குதல், சிறுநீர் கழிக்கும் முன் அழுதல், மூக்கில் கரகர ஒலி ஆகியவையும் இயல்பு. முதல் நாளில் கையும் காலும் மட்டும் சற்று நீலமாக இருந்தால் கவலை இல்லை. உதடும் நாக்கும் நீலமானால் அது வேறு கதை. ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

அழுகையும் இப்படித்தான். பிறந்த சில வாரங்களில் குழந்தையின் அழுகை கூடிக்கொண்டே போய், ஏறத்தாழ ஆறாவது வாரத்தில் உச்சத்தைத் தொட்டுப் பிறகு தணியும். பால் குடிக்கிறது, எடை ஏறுகிறது, காய்ச்சல் இல்லை என்றால் மாலை நேர அழுகைக்குத் தோளும் தாலாட்டும் போதும். உரம் எடுக்கிறோம் என்று குழந்தையைத் துணியில் போட்டு உருட்டிக் குலுக்குவது தலைக்கும் கழுத்துக்கும் கேடு.

மஞ்சள்: பொறுமைக்கும் அலட்சியத்துக்கும் நடுவே

நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினருக்கும், குறைமாதக் குழந்தைகளில் 80 விழுக்காட்டினருக்கும் முதல் வாரத்தில் மஞ்சள் வருகிறது. பழைய சிவப்பணுக்கள் உடைந்து வரும் பிலிருபினை வெளியேற்றக் குழந்தையின் ஈரல் இன்னும் பழகவில்லை என்பதே காரணம். இரண்டாம் மூன்றாம் நாளில் தொடங்கி, முகத்திலும் நெஞ்சிலும் நின்று, இரண்டு வாரத்துக்குள் வடிந்துவிடும் மஞ்சள் இயல்பானது.

‘எல்லாப் பிள்ளைக்கும் வரும்மா, காலை வெயில்ல காட்டு’ என்று ஆயா சொல்வது இதைப் பார்த்துத்தான். அவர் சொல்லில் உண்மையின் வித்து இருக்கிறது. 1956இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியில் ரோச்ஃபோர்ட் மருத்துவமனையின் செவிலியர் ஜீன் வார்ட், குறைமாதக் குழந்தைகளை வெயிலில் எடுத்துச் செல்வார். வெயில் பட்ட தோலில் மஞ்சள் வெளுத்திருப்பதையும், துணி மறைத்த இடத்தில் மஞ்சள் அப்படியே இருப்பதையும் அவர் மருத்துவர்களுக்குக் காட்டினார். அந்தக் கவனிப்பிலிருந்து வளர்ந்து, 1958இல் கிரெமரும் சக மருத்துவர்களும் வெளியிட்ட ஆய்வே இன்றைய ஒளிச் சிகிச்சைக்குத் தொடக்கம். ஆனால் இன்றைய கருவி குறிப்பிட்ட அலைநீளமுள்ள நீல ஒளியை, அளந்த வலிமையில், மணிக்கணக்கில், உடம்பு முழுவதும் பாய்ச்சுகிறது. ஜன்னலோர வெயிலுக்கு அந்த அளவும் இல்லை, உறுதியும் இல்லை. ஏறிய மஞ்சளை வெயில் இறக்கும் என்று காத்திருக்கும் நாட்களில் பிலிருபின் மூளைக்குள் புகுந்தால், காது கேளாமையும் மூளைவாதமும் வாழ்நாள் முழுக்கத் தொடரும். இன்று முழுமையாகத் தடுக்கக்கூடிய ஊனம் அது.

எனவே எல்லையைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். தாயின் ரத்தவகை ஆர்.எச். நெகட்டிவாகவோ ஓ வகையாகவோ இருந்து குழந்தையின் வகை பொருந்தாவிட்டால் இப்படி விரைந்து ஏறும். உள்ளங்கை, உள்ளங்காலில் மஞ்சள் தெரிந்தால் அளவு மிகுந்துவிட்டது என்று பொருள். மஞ்சளோடு குழந்தை துவண்டாலோ பால் குடிக்க மறுத்தாலோ அது அவசரம். பகல் வெளிச்சத்தில், விரலால் தோலை அழுத்தி எடுத்து, அந்த இடத்தின் நிறத்தைப் பார்ப்பது எளிய சோதனை. கறுத்த நிறமுள்ள குழந்தைக்கு ஈறையும் கண்ணின் வெண்பகுதியையும் பார்க்க வேண்டும்.

14 நாள் தாண்டியும் மஞ்சள் நீடித்தால், மலத்தின் நிறத்தைக் கவனியுங்கள். மலம் வெளுத்தும் சிறுநீர் கடும் மஞ்சளாகவும் இருந்தால் பித்தநாளம் அடைபட்டிருக்கலாம். ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாய் உருவாக்கிய அறுவை சிகிச்சையை 60 நாட்களுக்குள் செய்தால்தான் நல்ல பலன் எதிர்பார்க்க முடியும். ‘மூன்று மாதத்தில் சரியாகிவிடும்’ என்று காத்திருந்தால் ஈரலே கைவிட்டுப் போகும்.

வீட்டில் தவிர்க்கக்கூடிய ஒரு காரணமும் உண்டு. சில குழந்தைகளுக்கு ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைவு. அப்படிப்பட்ட குழந்தைக்கு, பீரோவில் அந்துருண்டை போட்டு வைத்திருந்த பழைய துணியை உடுத்தினாலே ரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் பாய்ந்து ஏறும். குழந்தைத் துணி இருக்கும் இடத்தில் அந்துருண்டை வேண்டாம்.

பால், எடை, சிறுநீர்

குழந்தை நலமா என்பதற்கு வீட்டில் கிடைக்கும் மிகச் சிறந்த அளவுகோல் பால் குடிப்பதுதான். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை குடிக்க வேண்டும். ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் கழிக்க வேண்டும். முதல் வாரத்தில் பிறந்த எடையில் 10 விழுக்காடுவரை குறையலாம். இரண்டு வாரத்துக்குள் அது மீள வேண்டும்.

தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளும் மருத்துவமனையில் பிறந்தும், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெறுவது சுமார் 60 விழுக்காடுதான் என்று அதே குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. சிசேரியன் 44.9 விழுக்காடாக உயர்ந்திருப்பதும் இதற்கு ஒரு காரணம். அறுவை முடிந்த தாயும், ஒருவர் உதவினால், படுத்தபடியே பால் கொடுக்க முடியும். சீம்பாலைப் பிழிந்து கொட்டுவதும், சர்க்கரைத் தண்ணீரும் தேனும் நாக்கில் தொட்டு வைப்பதும் குழந்தையின் முதல் கவசத்தைக் கழற்றுவதாகும். தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். ஒரு வயதுவரை தேன் கூடாது.

கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்த தாயின் குழந்தைக்கும், எடை குறைந்த குழந்தைக்கும் உடனே தாய்ப்பால் தருவது இன்னும் முக்கியம். கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைச் சோதனை செய்ய வேண்டும் என்று சென்னை மருத்துவர் வி. சேஷய்யா தொடர்ந்து வலியுறுத்தினார். தமிழ்நாடு அதை முன்னதாகவே ஏற்றுக்கொண்டது. அப்படிக் கண்டறியப்பட்ட தாயின் குழந்தைக்குப் பிறந்த சில மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை சரிந்து வலிப்பே வரலாம். உடனடித் தாய்ப்பாலும் மருத்துவமனையில் செய்யும் சர்க்கரைச் சோதனையும் அதைத் தடுக்கும்.

சூடும் குளிரும்

சித்திரை, வைகாசி வெயிலில் விருத்தாசலம் தகிக்கும். காற்றோட்டமில்லாத அறையில், தலைமுதல் கால்வரை சுற்றிய குழந்தைக்குப் பால் போதாமல் போனால், மூன்றாம் நான்காம் நாளில் உடம்பு கொதிக்கும். சிறுநீர் குறைந்து துணியில் செங்கல் நிறக் கறை படியும். தண்ணீர் புகட்டுவது இதற்கு மருந்தாகாது. அடிக்கடி தாய்ப்பாலும் தளர்ந்த பருத்தித் துணியும் வேண்டும். ஆனால் இந்த வெயில் காய்ச்சலையும் தொற்றால் வரும் காய்ச்சலையும் வீட்டில் பிரித்தறிய எவராலும் முடியாது. ஆகவே துணியைத் தளர்த்திப் பால் கொடுத்தபடியே மருத்துவமனைக்குப் புறப்படுவதுதான் சரி.

இந்த ஊரில் சூளையின் வெப்பத்தை எவரும் கையால் தொட்டுக் கணிப்பதில்லை. குழந்தையின் உடம்பையும் அப்படித்தான் கருவி கொண்டு அளக்க வேண்டும். அக்குளில் வைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் மருந்துக் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. 97.7 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து 99.5க்குக் கீழ்வரை இயல்பு. 99.5ஐ எட்டினாலும், 95.9க்குக் கீழே போனாலும் ஆபத்து. பெரியவர்களுக்குத் தொற்று என்றால் காய்ச்சல். பச்சிளம் குழந்தைக்கோ தொற்று முற்றும்போது உடம்பு சில்லிட்டுப் போவதும் உண்டு. வயிறு வெதுவெதுப்பாக இருந்து பாதம் மட்டும் குளிர்ந்திருந்தால் குழந்தை குளிரோடு போராடுகிறது. வயிறும் பாதமும் சேர்ந்து குளிர்ந்திருந்தால் அது தோற்றுக்கொண்டிருக்கிறது.

குளிருக்கு உலகிலேயே சிறந்த மருந்து தாயின் மார்பு. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர்கள் போதாதபோது மருத்துவர் எட்கர் ரேய் சனாப்ரியா, எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் வெற்று மார்போடு அணைத்துக் கட்டினார். ‘கங்காரு பராமரிப்பு’ அங்கே பிறந்தது. டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் பங்கேற்ற ஐந்து நாட்டு ஆய்வு ஒன்றின் முடிவு 2021இல் வெளிவந்தது. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளுக்கு, உடல்நிலை சீராகும்வரை காத்திராமல் பிறந்ததுமே கங்காரு பராமரிப்பைத் தொடங்கியபோது இறப்பு 25 விழுக்காடு குறைந்திருந்தது. தாயால் இயலாத நேரத்தில் அப்பாவும் பாட்டியும் இப்படி அணைத்துக்கொள்ளலாம்.

மூச்சு

அமைதியாக இருக்கும் குழந்தையின் வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 60ஐ எட்டினாலோ தாண்டினாலோ மறுபடி எண்ணுங்கள். மீண்டும் அப்படியே இருந்தால் புறப்படுங்கள். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது, மூக்கு விடைப்பது, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவது ஆகிய மூன்றும் எண்ணிக்கைக்கும் காத்திருக்க வேண்டாத அடையாளங்கள். தூக்கத்தில் ஐந்து பத்து விநாடி மூச்சு நின்று மீண்டும் தொடங்குவது இயல்பு. 20 விநாடி நின்றால் ஆபத்து. பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்து, இளைத்து, நிறுத்தி நிறுத்திக் குடிக்கும் குழந்தைக்கு இதயத்தில் பிறவிக் குறை இருக்கலாம்.

குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதும், வாயில் விளக்கெண்ணெய் புகட்டுவதும் இன்னும் தொடர்கின்றன. நுரையீரலுக்குள் இறங்கும் எண்ணெயை உடம்பால் வெளியேற்ற முடியாது. அது நாள்பட்ட நிமோனியாவாக உறைந்துவிடும். சாம்பிராணிப் புகையையும் குழந்தையின் அறைக்குள் காட்ட வேண்டாம். பீங்கான் பட்டறைகளில் வேலை செய்வோர் வீட்டில் கூடுதலாக ஒரு கவனம் வேண்டும். களிமண் பொடியில் சிலிக்கா தூசு இருக்கும். சில வகை மெருகுகளில் ஈயச் சேர்மங்கள் இருக்கலாம். வேலைத் துணியைக் கழற்றி, குளித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குவது அப்பாவின் முதல் மருத்துவக் கடமை.

தொப்புள், தோல், கண்

தொப்புள்கொடி ஒன்று இரண்டு வாரத்தில் தானே உதிரும். அதில் எதையும் பூசாமல், கட்டாமல், உலர்வாக விடுவதே போதும். சாம்பல், மஞ்சள், பவுடர், எண்ணெய், காசு எதுவும் வேண்டாம். பிறந்த குழந்தைகளைக் கொன்றுவந்த ரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015இல் உறுதி செய்யப்பட்டது. கர்ப்பிணிகளுக்கான தடுப்பூசியும் சுத்தமான பிரசவமும் அதைச் சாதித்தன. அந்த வெற்றியைச் சாம்பல் பூசி இழக்கக் கூடாது. தொப்புளைச் சுற்றித் தோல் சிவந்து பரவினாலோ, சீழ் வந்தாலோ, நாற்றம் அடித்தாலோ தொற்று உள்ளே இறங்கத் தொடங்கிவிட்டது.

தோலில் சீழ்க் கொப்புளங்கள் பத்து அல்லது அதற்கு மேல் இருந்தாலும், ஒரே ஒரு பெரிய கட்டி இருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கண்ணில் நீர் வடிவது கண்ணீர்க் குழாய் அடைப்பால் இருக்கலாம். முதல் சில நாட்களில் இமை வீங்கிச் சீழ் கொட்டினால் பார்வையே பறிபோகக்கூடும். அன்றே காட்ட வேண்டும். 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கும், 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கும் கண்ணில் எந்தக் குறியும் தெரியாவிட்டாலும் 30 நாட்களுக்குள் விழித்திரைச் சோதனை கட்டாயம். கண் மையில் ஈயம் இருக்கலாம். அழகுக்கும் திருஷ்டிக்கும் அது தேவையில்லை.

வாந்தி, மலம், வலிப்பு

கக்கும் பால் வெண்மையாக இருந்தால் பொறுக்கலாம். பச்சை நிறத்தில் வாந்தி வந்தால் குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். சில மணி நேரத்தில் குடல் அழுகிவிடும். ‘மாந்தம்’ என்று உரைமருந்து கொடுக்கும் நேரம் அல்ல அது. 24 மணி நேரமாகியும் முதல் மலம் கழியாத குழந்தையை, வயிறு உப்பிய குழந்தையை, மலத்திலோ வாந்தியிலோ ரத்தம் கண்ட குழந்தையை மருத்துவர் பார்க்க வேண்டும். பிறந்ததும் போடப்படும் வைட்டமின் கே ஊசி இத்தகைய ரத்தக்கசிவு ஒன்றைத் தடுக்கிறது. போட்டார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது பெற்றோரின் உரிமை.

பச்சிளம் குழந்தையின் வலிப்பு பெரியவர்களுக்கு வருவதுபோல வராது. கண் ஒரு பக்கமே நிலைகுத்துவது, உதட்டைச் சப்புக்கொட்டிக்கொண்டே இருப்பது, காலைச் சைக்கிள் மிதிப்பதுபோல் அசைப்பது எல்லாம் வலிப்பாக இருக்கலாம். நடுங்கும் கையை மெல்லப் பிடித்தால் நடுக்கம் நின்றுவிட வேண்டும். பிடித்தும் நிற்காவிட்டால் அது வலிப்பு.

ஏழு குறிகள்

இத்தனையையும் ஒரு தாய் மனப்பாடம் செய்ய வேண்டுமா? தேவையில்லை. இந்தியா உட்பட ஆறு நாடுகளில் 8,889 குழந்தைகளைப் பரிசோதித்த ஆய்வொன்று 2008இல் லான்செட் இதழில் வெளிவந்தது. மருத்துவர் இல்லாத இடத்திலும் கண்டறியக்கூடிய ஏழு குறிகளை அது நிறுவியது. பால் குடிப்பதில் சிரமம், வலிப்பு, தூண்டினால் மட்டுமே அசைவது, நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு, மார்பு ஆழமாக உள்ளிழுத்தல், 99.5 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல், 95.9 டிகிரிக்குக் கீழ் குளிர்ச்சி. இவற்றில் ஒன்று இருந்தாலே போக வேண்டும்.

முதல் வாரக் குழந்தைகளில், உண்மையில் கடும் நோயுள்ளவர்களில் 85 விழுக்காட்டினரை இந்தக் குறிகள் பிடித்துவிட்டன. கடும் நோய் இல்லாதவர்களில் 25 விழுக்காட்டினரையும் சேர்த்து அனுப்பின. அந்த 25 விழுக்காட்டினருக்கு ஆனது ஓர் அலைச்சல். அந்த 85 விழுக்காட்டினருக்குக் கிடைத்தது உயிர் பிழைக்கும் வாய்ப்பு. வீணாக வந்துவிட்டோமோ என்று எந்தத் தாயும் கூச வேண்டியதில்லை. வந்தவளை எந்த மருத்துவமனையும் கடிந்துகொள்ளக் கூடாது. மஞ்சள் 24 மணி நேரத்துக்குள் வருவதையும் உள்ளங்காலுக்கு இறங்குவதையும், பச்சை வாந்தியையும், உதடு நீலமாவதையும் இந்த ஏழோடு சேர்த்து எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் வீட்டுக்குத் தேவையான அறிவு கிட்டத்தட்ட நிறைந்துவிடும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை இடையில் கொடுக்க வேண்டாம். அது குறிகளை மறைக்கும், நோயைத் தீர்க்காது.

தாமதம் எங்கே நடக்கிறது

தாய்மார் இறப்பை ஆராய்ந்த தாடியஸ், மெய்ன் இருவரும் 1994இல் மூன்று தாமதங்களைப் பிரித்துக் காட்டினார்கள்: முடிவெடுப்பதில், போய்ச் சேருவதில், போன இடத்தில் சிகிச்சை கிடைப்பதில். குழந்தைக்கும் இது அப்படியே பொருந்தும்.

இரண்டாம் தாமதத்துக்கு அரசு ஓரளவு விடை கண்டிருக்கிறது. 2008 செப்டம்பர் முதல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. 2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி நோயுற்ற பச்சிளம் குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் மருந்து, பரிசோதனை, ரத்தம், போக்குவரத்து அனைத்தும் இலவசம். மூன்றாம் தாமதத்துக்கு, 2003இல் மேற்கு வங்கத்தின் புருலியாவில் தொடங்கிய பச்சிளம் குழந்தைகள் சிறப்புச் சிகிச்சைப் பிரிவு நாடெங்கும் பரவியது. மேல்சிகிச்சைக்கு அனுப்பும்போது முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லி, கடிதம் கொடுத்து, தாயையும் உடன் அனுப்புவது அந்த வலையை முழுமையாக்கும். வழி நெடுகத் தாயின் மார்போடு அணைத்து, குடிக்க முடிந்தால் பால் கொடுத்தபடி செல்வது பயணத்தின் பாதிச் சிகிச்சை.

முதல் தாமதம்தான் மிச்சம். வேலைக்குப் போன கணவன் வரட்டும், மாமியார் ஒரு வார்த்தை சொல்லட்டும், செவ்வாய்க்கிழமை கழியட்டும், தீட்டு முடியட்டும் என்று நேரம் போகிறது. குழந்தையை மற்ற எவரையும்விட நெருங்கிப் பார்ப்பவள் தாய். அவளே அந்த வீட்டில் கடைசியாகக் கேட்கப்படுகிறாள். மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் மருத்துவர்கள் அபய் பாங்கும் ராணி பாங்கும் ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். 1999இல் அவர்கள் வெளியிட்ட முடிவில் பச்சிளம் குழந்தை இறப்பு 62 விழுக்காடு குறைந்திருந்தது. முடிவெடுக்கும் அறிவு வீட்டுக்குள் நுழைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். 2011 முதல் இந்தியாவெங்கும் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்க்க வேண்டும் என்பது அதிலிருந்து பிறந்த நடைமுறை. நம் ஊரில் கிராம, நகர்ப்புறச் சுகாதாரச் செவிலியர் வரும் நாளை எதிர்பார்த்திருங்கள், வராவிட்டால் கேளுங்கள்.

நம் மரபில் காக்க வேண்டியவையும் உண்டு. தாய்வீட்டு ஓய்வும், வருவோர் போவோர் எல்லாம் குழந்தையைத் தூக்காமல் தடுத்த கட்டுப்பாடும், மென்மையாகத் தடவும் எண்ணெயும், பாட்டிமாரின் கைப்பழக்கமும் குழந்தைக்கு நன்மை செய்தவை. அந்தப் பாட்டிமாரைப் பகைத்துக்கொண்டு எந்த அறிவையும் வீட்டுக்குள் கொண்டுவர முடியாது. அவர்கள் கையில் தெர்மாமீட்டரைக் கொடுத்து, மூச்சை எண்ணப் பழக்கினால், அனுபவத்தோடு அளவும் சேர்ந்த காவல் கிடைக்கும்.

விருத்தாசலத்துக்கும் சுற்றுப்பட்டு ஊர்களுக்கும் இந்தக் கட்டுரை வைக்கும் வேண்டுகோள்கள் மூன்று. மருத்துவமனைகள், ஆபத்துக் குறிகளைத் தமிழில் அச்சிட்டு, தாயிடமும் அவளோடு இருக்கும் மூத்த பெண்ணிடமும் வாய்விட்டு விளக்காமல் எந்தக் குழந்தையையும் வீட்டுக்கு அனுப்பாதிருக்க வேண்டும். பட்டறை முதலாளிகள், பிறந்த பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று புறப்படும் தொழிலாளியின் அன்றைய கூலியைப் பிடிக்காதிருக்க வேண்டும். வீட்டுப் பெரியவர்கள், குழந்தை பிறக்கும் முன்பே ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும்: ‘உனக்குச் சரியில்லை என்று பட்டால் யாரையும் கேட்காதே அம்மா, 108ஐக் கூப்பிடு, நாங்கள் கூட வருகிறோம்.’